இரண்டாம் குழுவில் இருந்தவர்கள்

திங்கட்கிழமை காலை எட்டு மணி இருபது நிமிடம். என் மேசையில் முதலில் கண்டது, வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அச்செடுத்துக் கொடுத்திருந்த தாள். அதில் 0.41 என்ற எண்ணின் கீழே அடிமட்டம் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் எங்கள் பிரிவு டொக்டரின் சிறிய, நேரான கையெழுத்து: "வித்தியாசம் இல்லை. அறிக்கை எழுதலாம்."

தாளின் அடியில் என் சுருக்கக் கையொப்பம் இருந்தது. அச்செடுக்கும் ஒவ்வொரு தாளிலும் அதை இடுவது பிரிவின் விதி. கணித்தவர் யார் என்று பின்னால் தெரிய வேண்டுமாம்.

இது நடந்து பல வருடம். நான் ஓய்வு பெற்றே நான்கு வருடமாகிறது. போன மாதம் பழைய பிரிவில் இருந்து கூப்பிட்டார்கள் என்று குண்டசாலையில் இருந்து பஸ் ஏறிப் போனேன். புதிதாக வாங்கிய மென்பொருளைக் காட்டினார்கள். தரவைக் கொடுத்தால் எந்தச் சோதனை பொருந்தும் என்று அதுவே தேர்ந்துகொள்கிறது. முடிவையும் நல்ல வசனத்தில் எழுதித் தருகிறது. "நீங்க அந்தக் காலத்துல எப்பிடி செஞ்சீங்கன்னு எழுதித் தாங்க மிஸ், எங்க ஆண்டு மலர்ல போடுறோம்" என்றார்கள். எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இது இருக்காது.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். கண்டி டவுனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தேன். கணிதத்தில் நல்ல பெறுபேறு வந்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கண்டிச் செய்தி அனுப்பினேன். அங்கே இருந்த உதவி ஆசிரியர் எந்த எண்ணைக் கண்டாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "யார் எண்ணினது?" பஸ் விபத்தில் ஏழு பேர் காயம் என்று எழுதினால், எண்ணியவர் பொலிஸா, ஆஸ்பத்திரியா, பக்கத்துக் கடைக்காரரா என்று சொல்லாமல் அந்த ஏழு அச்சுக்குப் போகாது. பிறகு ஓர் ஆய்வு நிறுவனத்தில் புள்ளிவிபர உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் கல்குலேட்டரும் அட்டவணைப் புத்தகமும். அதன்பின் கணினி வந்தது, இரண்டு வாரப் பயிற்சி தந்தார்கள், மிச்சத்தை நானே படித்துக்கொண்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

எங்களிடம் வருகிறவர்கள் பல ரகம். ஓர் அதிகாரி ஒவ்வொரு முறையும் என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார். முடிவு 0.05-க்குக் கீழே வந்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். "ஸ்டார் வரலியா? அப்ப வயச விட்டுட்டுப் போட்டுப் பாருங்க. இன்னும் வரலியா? பொம்பளைங்கள மட்டும் போடுங்க" என்பார். இருபது முறை போட்டால் ஒரு முறை சும்மாவே ஸ்டார் வரும் என்று சொன்னேன். "அந்த ஒண்ணு போதும் எனக்கு" என்றார். இன்னொருவர் விவாகம் ஆனவர் ஒன்று, ஆகாதவர் இரண்டு, விதவை மூன்று என்று குறியிட்டு, அந்தக் குறிகளின் சராசரியை எடுத்து வைத்திருந்தார். அந்தக் கிராமத்தின் சராசரி மனிதர் 1.7 அளவுக்கு விவாகமானவர். மென்பொருள் ஒரு மறுப்பும் சொல்லாமல் அதைக் கணித்துக் கொடுத்திருந்தது.

இவற்றைச் சிரித்துக் கடந்துவிடலாம். பன்வில பக்கத்துத் தோட்டத்து விவகாரத்தை அப்படிக் கடக்க என்னால் முடியவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிக்கிற ஆண்கள் அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு பேர். மூச்சு வாங்குகிறது, படியேற முடியவில்லை என்று அவர்கள் நிர்வாகத்திடம் முறையிட்டிருந்தார்கள். இரண்டு கோரிக்கைகள். ஒருவரை இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து மருந்தடியில் வைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆய்வில் வித்தியாசம் தெரிந்தால் இரண்டையும் செய்கிறோம் என்று நிர்வாகம் கடிதமே எழுதிக் கொடுத்திருந்தது. அந்த ஆய்வுதான் எங்களிடம் வந்தது.

ஏற்பாடு எளிமையானது. மருந்து அடிக்கிற இருபத்திரண்டு பேர் ஒன்றாம் குழு. அதே தோட்டத்தில், அதே வயதில், மருந்து அடிக்காத இருபது ஆண்கள் இரண்டாம் குழு. ஒவ்வொருவரும் ஒரு குழாயில் முழு மூச்சையும் ஊத வேண்டும். குழாயில் உள்ள முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. இரண்டு குழுவின் சராசரிகளையும் ஒப்பிட வேண்டும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இளையவர்கள் கேட்டது இதைத்தான். படிவங்களை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்வோம். இரண்டையும் ஒப்பிட்டு, மாறுகிற இடத்தில் மூலப் படிவத்தைப் பார்ப்போம். கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு கொப்பியில் நீலப் பேனையால் கருதுகோளை எழுதுவேன். "இரண்டு குழுவுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை" என்று முதலில் வைத்துக்கொள்வதுதான் சூனியக் கருதுகோள். அது உண்மையாக இருந்தால், நம் கண்முன் இருக்கும் அளவு வித்தியாசம் வெறும் தற்செயலாக வரும் வாய்ப்பு எவ்வளவு? கணினி கடைசியில் தருகிற எண் அதுதான். நூற்றுக்கு ஐந்துக்கு, அதாவது 0.05-க்கு, குறைவானால் தற்செயல் என்று நம்பக் கடினம், கருதுகோளை விட்டுவிடுகிறோம். கூடினால் விடுவதற்குப் போதிய காரணம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. வாசலில் நின்று கூப்பிட்டேன், பதில் வரவில்லை என்பதை வைத்து, வீட்டில் ஆளே இல்லை என்று செய்தி எழுத முடியாது.

பிறகு மென்பொருளில் சோதனையைத் திறந்தால் திரையில் ஒரு சிறு பெட்டி வரும். எந்த அளவை ஒப்பிட வேண்டும் என்று கேட்கும். முதலாம் குழுவின் குறி என்ன, இரண்டாம் குழுவின் குறி என்ன என்று கேட்கும். ஒன்று, இரண்டு என்று தட்டினால் போதும். ஒன்று என்பது யார், இரண்டு என்பது யார் என்று அது ஒருபோதும் கேட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை தாளை எடுத்துக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போனேன். டொக்டர் பரமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், பிரிவின் தலைவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அச்சுத் தாளின் இரண்டு பக்கத் துளை ஓரங்களையும் மெதுவாகக் கிழித்து, மடித்து, கூடையில் போட்ட பிறகுதான் வாசிக்கத் தொடங்குவார். நேராகக் கடைசிப் பத்திக்குப் போவார்.

"சேர், இரண்டாம் குழுவோட வரைபடத்தப் பாத்தீங்களா? ஏழெட்டுப் பேர் ரொம்பக் கீழ கெடக்குறாங்க. மருந்தே அடிக்காத ஆளுக்கு ஏன் மூச்சு இவ்வளவு கொறையணும்?"

"பீடி குடிப்பினம்."

"பீடிக்குத் தனிக் கேள்வி இருக்கு சேர். பாத்துட்டேன். ரெண்டு குழுவுலயும் ஒரே அளவுதான்."

"ஸ்டெல்லா, இஞ்ச பாருங்கோ." அடிமட்டத்தை அந்தக் கோட்டின் மேல் மீண்டும் வைத்தார். "0.05-க்கு இஞ்சால எண்டால் சொல்ல ஒரு விசயம் இருக்கு. அங்கால எண்டால் ஒண்டுமில்லை. நாங்கள் வைச்ச கோடு. எங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு அதை அழிக்கேலாது."

அறிக்கை அந்த வெள்ளிக்கிழமையே போக வேண்டும். சனிக்கிழமை வரை காத்திருக்க வழியில்லை. புதன்கிழமை லீவு போட்டேன். படிவம் நிரப்பிய கள உத்தியோகத்தர் நிஸாமையும் கூட்டிக்கொண்டு பன்வில பஸ்ஸில் ஏறினேன்.

"லீவு போட்டுட்டு வேலைக்குப் போறது நீங்க மட்டுந்தான் மிஸ்" என்றார் நிஸாம். அக்குறணைக்காரர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வேலையில் கவனமானவர்.

"ரெண்டாம் குழுவுக்கு ஆள் பிடிச்சது யாரு நிஸாம்?"

"கிளாக்கர்தான் பேர் தந்தார். செக்ரோல் பேர்ப்பதிவப் பாத்துத் தந்தார். நான் அப்பிடியே எழுதினேன்."

"இருபது பேரும் எங்க இருந்தாங்க?"

"கிளாக்கர்ட கந்தோருக்குக் கிட்டத்தான் ஈந்தாங்க மிஸ். நர்சரியில. நாலஞ்சு பேர் துரை பங்களாத் தோட்டத்துல. மத்த ஆம்புளைங்க எல்லாரும் மேல் மலையில கவ்வாத்து வெட்டுறாங்க. குழாயத் தூக்கிக்கிட்டு அங்க ஏறுறதுக்குள்ள பகல் ஆயிரும்."

லயத்தில் வளர்ந்த எவருக்கும் இது போதும். எனக்கு பஸ்ஸிலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் யார் எண்ணியது என்று கேட்காமல் இருக்க முடியாதே.

தேயிலைக் கன்று வளர்க்கும் நர்சரியில் ஒரு கூரைக்கடியில் ஏழெட்டு ஆண்கள் சாக்கில் உட்கார்ந்து கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பது நாற்பது. எல்லாரும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயது. அந்த வயது ஆண்கள் பை நிரப்பும் வேலையில் இருப்பதில்லை.

நிஸாமைக் கண்டதும் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெயர் சந்தனம். என் பட்டியலில் இரண்டாம் குழு, ஆறாவது இலக்கம்.

"வாங்க மிஸ். மறுபடியும் ஊதச் சொல்லவா வந்தீங்க? இருக்குற மூச்சு லயத்துக்குப் போய்ச் சேரவே காணாது."

பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தக் குழாயில பூச்சி கீச்சி இருந்தா இவரு கிட்ட குடுங்க மிஸ். ஒரு ஊது ஊதினா செத்துரும். பதினாலு வருச மருந்து உள்ள இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சந்தனமும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்க மருந்து அடிச்சீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"பதினாலு வருசம் மிஸ். அப்பறம் மேட்டுல ஏற முடியல. டொக்டரையா லேசான வேலைக்குத் துண்டு எழுதிக் குடுத்தாரு. இங்க உக்காந்துருக்கோம்."

"படிவத்துல நர்சரின்னு மட்டும் இருக்கே."

"என்ன வேலைன்னு கேட்டாரு, நர்சரின்னேன். முந்தி என்ன செஞ்சேன்னு யாரு கேட்டா?" பிறகு மற்றவர்களைப் பார்த்துக் கையை நீட்டினார். "இவன் எட்டு வருசம். இவரு பத்து. அந்தா, பேசுறாரே பெரிய வாய், அவரு ஆறு வருசத்துலயே உக்காந்துட்டாரு. வாய்தான் மிச்சம்."

"வாய்க்கு மருந்து ஏறல மிஸ்" என்றார் அவர்.

ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினேன். நர்சரியிலும் பங்களாத் தோட்டத்திலுமாக, எங்கள் இருபது பேரில் பன்னிரண்டு பேர் முன்னாள் மருந்தடிக்காரர்கள். டொக்டரையா என்று அவர்கள் சொன்ன தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் துண்டுகளின் அடிக்கட்டை இருந்தது. பன்னிரண்டையும் அதில் சரிபார்த்தேன். மருந்தடித்து மூச்சுப் போனவர்களை, மருந்தடிக்காத ஆரோக்கியமான மனிதர்கள் என்று வைத்து, இப்போது மருந்தடிக்கிறவர்களோடு ஒப்பிட்டிருக்கிறோம். வித்தியாசம் எப்படித் தெரியும்?

புறப்படும்போது சந்தனம் ஒன்றைக் கேட்டார். குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"மிஸ், நமக்கு ஆனது ஆயிருச்சு. தம்பி விஜயகுமார் மூணு வருசமா அதே மருந்து டாங்கியத் தூக்குறான். வர்ற மாசத்தோட அவன எறக்கிருவாங்களா? ரிப்போட்டு வந்தா எறக்குறேன்னு துரை சொல்லியிருக்காராம்."

"நான் போய்ச் சொல்றேன் அண்ணே" என்றேன். இறக்குவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

வியாழன் காலை தரவு அட்டவணையில் ஒரு புதிய நிரல் சேர்த்தேன்: என்றாவது மருந்து அடித்தவர், என்றுமே அடிக்காதவர். ஆய்வுத் திட்டத்தின் பிரதி என் அலுமாரியில் இருந்தது. அதில் இரண்டாம் குழுவுக்கான விளக்கம் "என்றுமே மருந்து தெளிக்காதவர்கள்" என்றுதான் இருந்தது. ஆகவே நான் ஸ்டார் தேடிப் போகவில்லை. திட்டத்தில் எழுதியிருந்ததை அப்படியே செய்தேன். முடிவு 0.02.

டொக்டர் ஓரங்களைக் கிழித்தார், மடித்தார், கூடையில் போட்டார். வாசித்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் முடிவைப் பாத்த பிறகு குழுவை மாத்துறது ஆராய்ச்சி இல்லை, ஸ்டெல்லா. அந்த ஸ்டார்க்காரரை நீங்கள்தானே பேசினனீங்கள்?"

"குழுவ மாத்தல சேர். திட்டத்துல இருக்குற குழு இது. நாம ஊத வச்சதுதான் வேற குழு."

"எட்டுப் பேர்தான் மிஞ்சினம். எட்டுப் பேரை வைச்சு என்னெண்டு ஒரு நிர்வாகத்துக்குச் சொல்லுறது?"

"அப்ப மேல் மலைக்குப் போய் இன்னும் பன்னிரண்டு பேர ஊத வைப்போம். ரெண்டு நாள் வேலை."

"நாளைக்கு அறிக்கை போகவேணும்." தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினார். பிறகு, அதே மெல்லிய குரலில்: "அந்தப் படிவம் ஆர் செய்தது?"

நான்தான். மூன்று பக்கமாக இருந்ததை ஒரே பக்கத்தில் கேட்டார் அவர். முன்பு செய்த வேலைகளுக்கு நான்கு வரி இருந்தது. "தொழில்" என்று ஒரே பெட்டியாக அதைச் சுருக்கியது என் கை. பத்திரிகையில் பழகிய கை, எதையும் இடத்துக்குள் அடக்கிவிடும். அவர் அதைப் பார்த்து ஒப்பமிட்டிருந்தார். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு வசனத்துக்கு இறங்கி வந்தேன். "ஒப்பீட்டுக் குழுவின் இருபது பேரில் பன்னிரண்டு பேர் முன்னர் மருந்து தெளித்தவர்கள்." இதை மட்டுமாவது குறைபாடுகள் பகுதியில் போடுங்கள் என்றேன். "ஓம், அது நியாயம்" என்று தன் கையாலேயே பென்சிலால் வரைவில் எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிய அறிக்கை இரண்டு வாரத்துக்குப் பிறகு வந்தது. குறைபாடுகள் பகுதியில் மழை காரணமாக ஒரு நாள் தாமதம் என்று இருந்தது. அந்த வசனம் இல்லை. சுருக்கத்தில், "வித்தியாசம் கண்டறியப்படவில்லை" என்று நான் தட்டிக் கொடுத்த இடத்தில், "மருந்து தெளிப்பதால் சுவாசத்தில் பாதிப்பு இல்லை என நிரூபிக்கப்பட்டது" என்று இருந்தது. எந்தச் சோதனையும், எந்த மென்பொருளும், எந்தக் காலத்திலும் அப்படியொன்றை நிரூபித்ததில்லை. பின்னிணைப்பில் 0.41 இருந்த தாளை அப்படியே சேர்த்திருந்தார்கள். என் கையொப்பம் தெளிவாக விழுந்திருந்தது.

கேட்டேன். "மேலிடத்தில பக்கம் கூடிப் போச்சுதெண்டு வெட்டிப்போட்டினம்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் நிரந்தர நியமனத்துக்குப் பரிந்து எழுதியவர் அவர். அது வருவதற்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. பழைய பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். தொலைபேசி இலக்கம் எனக்கு மனப்பாடம். நான் எழுதவில்லை. 0.02 வந்த தாள் அலுமாரியில் இருந்தது, பிறகு அலுமாரியை மாற்றினார்கள்.

இப்போது சிலர் சொல்கிறார்கள், மென்பொருள் தானே சோதனையைத் தெரிவு செய்வதால் இனித் தவறு வராது என்று. கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் மென்பொருளிலும் ஒரு தவறும் வரவில்லை. அது தந்த 0.41 சரியான கணக்கு. காலை ஒன்பது மணிக்குக் கந்தோருக்குக் கிட்ட யார் கிடைப்பார்கள், ஏன் கிடைப்பார்கள் என்று மலையில் உள்ள ஒரு பிள்ளைக்குக் கூடத் தெரியும். அதைப் பட்டம் பெற்ற நான்கு பேர் கையொப்பமிட்ட திட்டம் கேட்கவில்லை. சொன்ன பிறகும் எழுதவில்லை. கள உத்தியோகத்தரைக் குறை சொன்னார்கள், கிளாக்கரைக் குறை சொன்னார்கள். ஊதியவர்களிடம் யாரும் போய் எதுவும் சொல்லவில்லை. நானும் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போகவில்லை.

நிர்வாகம் அறிக்கையின் சுருக்கத்தைச் சுட்டிக்காட்டி இரண்டு கோரிக்கைகளையும் நிராகரித்தது.

மூன்று வருடத்துக்குப் பிறகு அதே தோட்டத்தில் மறு ஆய்வு ஒன்று நடந்தது. முன்னைய முடிவோடு ஒப்பிட வேண்டும் என்பதால் படிவத்தில் எதையும் மாற்றக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்தது. நிரப்பிய படிவங்கள் தட்டச்சுக்கு என் மேசைக்கு வந்தன. இரண்டாம் குழு, ஒன்பதாவது இலக்கம்: விஜயகுமார், வயது முப்பத்திரண்டு, தொழில் நர்சரி.